பன்னிரண்டாவது கையெழுத்து

தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை சார், குடிக்கிறேன். எனக்கு இனிப்பு நீர் வியாதி உண்டு, ஆனாலும் கொடுத்ததைத் திருப்பி அனுப்பும் பழக்கம் இல்லை.

கிள்ளானில் எங்கள் பழைய தியேட்டரில் படம் நின்றபின், கட்டடத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து அவரவர் பங்குக்குத் தனி உரிமையாக ஆளுக்கொரு ஸ்ட்ராட்டா பட்டா கொடுத்தார்கள். கீழே கடைகள். மேலே, பால்கனி இருந்த இடத்தில், தையல்காரர் சந்திரகலாவின் வீடு. நான் நிர்வாகக் குழுத் தலைவர். ஒரு கம்பெனி வந்து, முகப்புச் சுவரை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் கொண்டோ அடுக்குமாடி கட்டுகிறோம் என்றது. விற்கப் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பதினொன்று ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

வராதது சந்திரகலாவின் கையெழுத்து. அவரிடம் நான்கு முறை போனேன். ஒவ்வொரு முறையும் முறுக்கு கொடுத்து உட்கார வைத்தார். கடைசியாகச் சொன்னார்: "கேரி தீவுல இருந்த வரைக்கும் வீடு எஸ்டேட்டோடது. என் பேர்ல இருக்கிற முதல் கதவு இதுதான். விட மாட்டேன் லா."

எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்கவில்லை. பதினொரு குடும்பத்தை ஒருத்தர் இழுத்தடிப்பது நியாயமா? ஆனால் நான் சத்தம் போடவில்லை.

முன்படிக்கட்டின் கீழே மெயின் சுவிட்ச் பெட்டியில் பொறி பறக்கிறது, இந்த வாரமே மாற்ற வேண்டும் என்று வயர்மேன் ராதாகிருஷ்ணன் சொன்னார். இடிக்கப்போகும் கட்டடத்துக்கு எதற்கு என்று தள்ளிவைத்தேன். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. திருடன் வருகிறான் என்று பின்படிக்கட்டுக்கு கிரில் கதவு போட்டுப் பூட்டினேன். சாவி ஆளுக்கொன்று கொடுத்தேன், கையெழுத்துப் போட்டவர்களுக்கு. சந்திரகலா இரண்டு தடவை வந்து கேட்டார். சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள், தருகிறேன் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அன்று ஞாயிறு மத்தியானம், கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. புகையைப் பார்த்ததும் எதிர்க் கோப்பிக்கடையிலிருந்து முதலில் ஓடியவன் நான்தான். தீயணைப்புக்கு போன் போட்டதும் நான்தான், என் போனைப் பாருங்கள். முன்படி எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் போனேன். சந்திரகலா இறங்கி வந்து கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கை பைக்குள் போனது. பிறகு வெறுங்கையாக வெளியே எடுத்தேன். அவர் இருமி ஓயும்வரை அங்கேயேதான் நின்றேன்.

நீங்கள் கொலை என்கிறீர்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கட்டாயம் திறந்திருப்பேன் சார். "அண்ணே, திறங்கண்ணே" என்றுதான் கூப்பிட்டார். அந்தத் தெருவில் யார்தான் அண்ணன் இல்லை?