கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

திண்டிவனத்தில் பேருந்து கிளம்பியதும், காலிக் கூடையை மடியில் ஆட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொன்னார்:

"தெனமும் லைப்ரரியில என் மூஞ்சப் பாத்துட்டுதான்க்கா வியாபாரத்த ஆரம்பிக்கிறேன்."

பின் சீட்டில் இருந்த எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"லைப்ரரியிலயா?"

"ஆமாக்கா. புதுசா கட்டினாங்களே, முன்பக்கம் பூரா கண்ணாடி. எங்க கடைத்தெருவே அதுல தெரியுது. நான் எதிர்லதான் உக்காந்துகினு இருக்கேன். பொட்டு சரி பண்ணுவேன், பல்லப் பாப்பேன், ஒருவாட்டி சிரிச்சும் பாத்துப்பேன். இப்ப என்னடான்னா, வெயில் அடிக்குதுன்னு அதுல பேப்பர் ஒட்டப் போறாங்களாம். ஒரே பேஜாரு!"

"ஒட்ட மாட்டாங்க. உள்ள படிக்கிற புள்ளைங்க வேணாம்னுட்டாங்க. என் பொண்ணும் அங்கதான் பரீட்சைக்குப் படிக்கிறா."

"அதுங்களுக்கு என்னா வந்துது?"

"உள்ளேர்ந்து பாத்தா வெளிய எல்லாம் தெரியுமில்ல?"

கூடை ஆடுவது நின்றது.

"எல்லாமா?"

"பல்லு உட்பட. 'ஒரு பூக்காரம்மா காலையில எங்களப் பாத்து சிரிக்குதும்மா, நாங்களும் சிரிச்சிட்டுதான் புக்கையே தொறப்போம்'னு சொன்னா. அது நீதானா?"

பூக்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின, சிரிப்புதான். விக்கிரவாண்டி தாண்டியும் அடங்கவில்லை. முண்டியம்பாக்கத்தில் அந்த அம்மா இறங்க எழுந்தபோது கையைப் பிடித்தார்.

"அக்கா, ஒங்க பொண்ணு எந்தப் பக்கம் உக்காரும்?"

"எதுக்கு?"

"நாளைக்கு அதப் பாத்தே சிரிக்கிறேன்."