காற்றை நம்பிக் கழற்றிய பிறேக்

என் பெயர் சிங்கராசா றொசாந்தன். வயது இருபத்தாறு. ஓலைத்தொடுவாயில் வசிக்கிறேன். ஐஸ் தொழிற்சாலையில் வேலை. நேற்றுப் பின்னேரம் புகையிரதக் கடவையில் இறந்த அலெக்ஸாண்டர் நிறோஜன் என் நண்பன். அவன் வேண்டுமென்றே போய் விழுந்ததாக ஊரில் கதைக்கிறார்கள். அது பச்சைப் பொய். அதைச் சொல்லவே ஒருவரும் கூப்பிடாமல் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

நானும் அவனும் வருகிற மாதம் மலைநாட்டிலுள்ள நுவரெலியாவுக்குச் சைக்கிளில் போக இருந்தோம். எங்கள் தீவில் மலை என்ன, ஒரு மேடுகூடக் கிடையாது. ஆகவே சோழகக் காற்றையே மலையாக வைத்துப் பழகினோம். கடற்கரையிலிருந்து பெருந்தெரு வரை காற்றுக்கு எதிரே மிதிப்போம். மிதிப்பதை விட்டால் காற்றே சைக்கிளை நிறுத்திவிடும். திரும்பும்போது காற்று பின்னால் தள்ளும், அதில் பயிற்சி இல்லை என்பதால், மீன் ஏற்றக் கரைக்கு வரும் கிறகரி அண்ணனின் லொறியில் சைக்கிள்களைப் போட்டுக்கொண்டு வருவோம்.

உப்புக் காற்றில் பிறேக் கம்பிகள் கறள் பிடித்து இறுகி, கட்டைகள் சில்லில் உரசின. போன கிழமை நிறோஜன் இரண்டு சைக்கிளிலும் அந்தக் கம்பிகளைக் கழற்றி எறிந்தான். வாங்கி வைத்திருந்த புதிய கம்பிகளைப் பூட்டச் சொன்னேன்.

"இப்ப பூட்டினா இதுவும் கறள் பிடிச்சிடும். மலைக்குப் போகேக்க பூட்டுவம்" என்றான். நானும் ஓம் என்றேன்.

நேற்று லொறி பழுதாகி வரவில்லை. அதனால் முதன்முறையாகக் காற்றோடு சைக்கிளிலேயே திரும்பினோம். மிதிக்காமலே பறந்தோம். அவனுடைய சேட்டு பாய்போல் உப்பியது. இருவரும் சிரித்தோம்.

பனங்கூடலைத் தாண்டியதும் கடவையின் சிவப்பு விளக்கு தெரிந்தது. "கோச்சி வருது, பிறேக்கைப் பிடியடா!" என்று கத்தினேன். பிறேக் இல்லை என்பது அந்த நேரம் என் மூளையில் இல்லை. அவனுக்கும் இல்லை. நான் சொன்னபடி இரண்டு கைகளாலும் பிடித்தான். விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் பிடித்தான். அதன் பின்னர் காலைத் தரையில் ஊன்றித் தேய்த்தான். நான் பின்னால் வந்ததால் மணலுக்குள் திருப்பி விழுந்தேன். தலையை நிமிர்த்தியபோது புகையிரதம் போய்க்கொண்டிருந்தது. அவனைக் காணவில்லை. இந்தப் பக்கம் ஒரு சப்பாத்து மட்டும் கிடந்தது.

அவன் வேகம் குறையாமல் நேரே வந்ததாக ஓட்டுநர் சொன்னதாக அறிகிறேன். அவர் கண்டது உண்மை. ஆனால் அவன் கைகளை அவர் கண்டிருக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் அவன் அம்மா பெற்றிசியா என் கையைப் பிடித்து, "என்ர பிள்ளை ஏனப்பன் சாகப் போனவன்?" என்று கேட்டா. இன்று காலை அவனுடைய பயணப் பையைத் திறந்தேன்; அந்தப் புதிய கம்பிகள் எண்ணெய்க் கடதாசியில் சுற்றியபடி இருந்தன. அவற்றை இங்கே ஒப்படைக்கிறேன்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. அடக்கத்துக்கு முன் இதை அவன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னால் அவவுக்குச் சொல்ல முடியவில்லை.

ஒப்பம்: சி. றொசாந்தன்