நடுக்கோட்டைத் தொட்ட கை

இப்போதெல்லாம் தோற்றவன் அழுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கத்தாரும் தோளில் கை போட்டுக்கொண்டு கலர் குடிக்கப் போகிறார்கள். பிடிபட்டவன் பிடித்தவனிடம் தீப்பெட்டி கேட்கிறான். இதெல்லாம் ஒரு கபடியா? எங்கள் காலத்தில் தோற்ற ஊரில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

நான் சுப்பராயலு. கோலியனூரில் கபடிக் குழு கட்டியவன். படிப்பு மூன்றாவதோடு சரி. யாரையும் சுலபத்தில் நம்பமாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம் நினைவுக் கோப்பை ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அவனைப் பற்றி மைக்கில் நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். மைக்கில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

தேவசகாயம் எங்கள் குழுவில் பாடிப் போகிறவன். எதிராளி கட்டத்துக்குள் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய், ஆளைத் தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பவேண்டும். அவனுடையது நீளமான மூச்சு. கண்டமங்கலம் வரைக்கும் அவன் பேருக்குக் கூட்டம் சேரும். என் நிலத்தில் கூலிக்கு வந்த குப்பம்மாளின் மகன். பாடிக்கொண்டே மண்வெட்டி போடுவான். அந்த மூச்சைக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்தவனுக்கு அதில் ஒரு உரிமை உண்டு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எண்பத்து நாலில் அவனுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பாடிவிட்டு வந்தால் வெகுநேரம் இரைத்தது. அவன் பெண்சாதி சவுரியம்மாள் பயந்துபோய் வந்து நின்றதால், விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"பெரியவரே, இவரு இதயம் பழுதாயிருக்கு. மூச்சடக்கி ஆடினா ஒருநாள் ஆட்டத்துலயே போயிடுவாரு. இனிமே ஆடக்கூடாது. வீட்ல பக்குவமா சொல்லுங்க."

டாக்டர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. வெளியே வந்தேன். பெஞ்சியில் இருந்தவன் எழுந்தான்.

"என்னாங்கய்யா சொன்னாரு?"

"வாயுவாம். பூண்டு துன்னு."

"இதுக்கா இம்மா நேரம்? அந்தக் கொயாய எங்கைல குடுத்திருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்று சிரித்தான்.

அன்றிலிருந்து சவுரியம்மாள் தினமும் பூண்டு உரித்துப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள்.

அந்தச் சமயத்தில் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்த அரங்கநாதனும் ஒரு குழு நடத்தினார். பேர் சொன்னால் கூட்டம் வருகிற ஆள் அவரிடம் இல்லை. ஆனால் பெரியதம்பி, மாரியப்பன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். ஒருவன் கணுக்காலைப் பிடித்தால் அடுத்தவன் இடுப்பில் விழுவான். மீசை சரியாக முளைக்கவில்லை. இன்னும் எத்தனையோ வருஷம் ஆடுவார்கள். அவர்கள் இருவரையும் கொடுத்து தேவசகாயத்தை எடுத்துக்கொள்வதாக அரங்கநாதன் சொல்லியனுப்பினார்.

நான் வரப்பில் நடந்துகொண்டே எடை போட்டுப் பார்த்தேன். தேவசகாயம் ஜெயித்துக் கொடுத்த ஆட்டங்களை ஒரு பக்கம் வைத்தேன். என் பெண்சாதி பாஞ்சாலி செத்த அன்றைக்கு ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, கொல்லையில் தனியாக நின்று விறகு பிளந்தவன் அவன். அதையும் சேர்த்து வைத்தேன். போதவில்லை.

அவனிடம் சொன்னேன்.

"நான் என்னா தப்புப் பண்ணேங்கய்யா?"

"தப்பு ஒண்ணுமில்ல. அவுரு மண்டியில வேல குடுப்பாரு."

"நீங்க சொன்னா சரிதாங்க. ஆனா எதிர்க்க நீங்க நின்னுக்கினு இருந்தா எனுக்குக் காலு வராதுங்க" என்றான்.

ஆள் மாற்றும்போது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்துக்கொள்கிறவர் கண் முன்னால் மூச்சு காட்டவேண்டும். ஏரி மதகிலிருந்து பனைமரம் வரைக்கும் பாடிக்கொண்டே ஓடித் திரும்பவேண்டும். ஓடினால் அவன் உதடு நீலம் பூத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் முன்னாலேயே ஓரமாகக் கூப்பிட்டு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன்.

"மென்னு துப்பிட்டு ஓடு. நல்ல காரியம்."

"என்னாங்கய்யா, மாப்பிள்ள அழைப்பா? இந்த வாயோட போனா சவுரி பேஜாரு பண்ணுவா" என்று மென்றான்.

ஓடினான். திரும்பி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். உதடு சிவப்பாகத்தான் இருந்தது. அரங்கநாதன் பார்த்துவிட்டு, "எடுத்துக்கிறேங்க" என்றார்.

அடுத்த சித்திரையில் திண்டிவனத்தில் போட்டி. கடைசி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும். புள்ளி சமமாக நின்றது. கடைசிப் பாட்டுக்கு தேவசகாயம் தயாரானான். நான் அண்ணன் தம்பியைக் கூப்பிட்டேன்.

"கால முறிக்காதீங்கடா. புடிச்சுக் கீழ போட்டு மேல படுத்துக்கினு இருங்க, போதும். மூச்சு தானா பூடும்."

"வலி தாங்காம கத்துனா, தாத்தா?" என்றான் மாரியப்பன்.

"கத்தமாட்டான். பாட்ட வுட்டாத்தானே கத்தமுடியும்."

அவர்கள் சொன்னபடி செய்தார்கள். நல்ல பசங்கள். தேவசகாயம் கீழே கிடந்தபடியே பாடினான். பாட்டு நூல் மாதிரி இளைத்துக்கொண்டே வந்தது. இரண்டு பேரையும் முதுகில் சுமந்துகொண்டு மண்ணில் ஊர்ந்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தானா என்று தெரியாது. கையை நீட்டினான். கை நடுக்கோட்டின் மேல் விழுந்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவன் வெற்றிலை போட்டிருக்கவில்லை.

நடுவர் விசில் ஊதி, புள்ளி திண்டிவனத்துக்கு என்று கை காட்டினார். நான் எழுந்துபோய், "பாட்டு முன்னாடியே அறுந்துபோச்சுங்க. கேட்டுக்கினுதான் இருந்தேன்" என்றேன். அவர் அவனைப் புரட்டிப் போடச் சொன்னார். யாரோ துண்டால் விசிறினார்கள். திரும்பவும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாலையோடு உட்கார்ந்திருந்தபோது சவுரியம்மாள் வந்து என்னைக் கும்பிட்டாள்.

"அந்த டாக்டரு வாயுன்னுதானங்க சொன்னாரு? தெனம் பூண்டு குடுத்தேனே, ஏங்க கேக்கல?"

பொய் சொல்லி எனக்கு இனி ஆகவேண்டியது ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். நான் அதை நம்பவில்லை என்றும் சொன்னேன்.

அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"நம்பலன்னா அவர ஏங்க தள்ளிவுட்டீங்க? வாயெல்லாம் செவப்பா வந்து, ஐயா வெத்தல குடுத்தாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே. நம்பலன்னா அது எதுக்குங்க?"

மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். சுண்ணாம்பில் புதிதாக நடுக்கோடு போட்டிருந்தார்கள். மிதிக்காமல் தாண்டினேன். பின்னால் அவள் அழுகிற சத்தம் கேட்டது. பாவம், ஆட்டம் தெரியாதவள். மூச்சு முதலில் அறுந்தது. கை பிறகுதான் தொட்டது. அந்தப் புள்ளி எங்களுடையது.