வால் விசிறியின் சத்தம்

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், டெக்சாஸில் ரிச்சர்ட்சன் பக்கம் டிரைவிங் லைசென்ஸ் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். வெளியே ஹெலிகாப்டர் ஒன்று பறந்து போனது. எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்துக்காரர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், “வால் விசிறியில ஆட்டம் இருக்கு” என்றார்.

என்கூட வந்திருந்த சென்னைக்காரர் சிரித்துவிட்டார். “சத்தத்த வெச்சே சொல்றீங்களா சார்?”

“நான் இலங்கையில ஏர்ஃபோர்ஸ் மெக்கானிக் தம்பி. சின்ன நாடு, இருந்ததே கொஞ்ச ஹெலிதான். பார்ட்ஸ் லேசில வராது. ஒண்டில கழட்டி மற்றதில பூட்டுவம். ஆனா பறக்கேக்க புதுசு மாதிரிப் பறக்கும். வேலை முடிய, சிங்களப் பெடியங்களும் நானும் அதின்ட நிழல்ல இருந்து பிளேன் டீ குடிப்பம். அது ஒரு காலம்!”

“அப்புறம் ஏன் சார் விட்டுட்டு வந்தீங்க?”

“எண்பத்திமூண்டு கலவரத்தோட வெளிக்கிட்டன்.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

“போன மாசம் அம்மாவோட ஃபோன்ல கதைக்கேக்க, ஊரில எங்கட வீட்டுக்கு மேலால ஒரு ஹெலி போச்சுது. நான் கடைசியாப் பூட்டின வால் விசிறி. சத்தத்தில பிடிச்சிட்டன். ஒரு ஆட்டம் இல்ல!”

“அடடே, அம்மாகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லத்தான் வாயெடுத்தன். அதுக்குள்ள அவ ஃபோனைப் போட்டுட்டு பங்கர் குழிக்குள்ள ஓடிட்டா.”