நீக்கிய நான்கு வரிகள்

எழுதுகிற ஏட்டய்யாவின் கையெழுத்து நன்றாக இருக்கிறது. இடப்பக்கம் இரண்டு விரற்கடை விட்டு, வரிகளை நேராக நிறுத்துகிறார். என்னிடம் வேலை பார்த்த நால்வருக்கு அதைப் பழக்க ஒன்றரை வருடம் ஆனது.

கேள்விக்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர் சார். மலையில் கொட்டச்சேடு கிராமத்துக்கு மேலே எங்கள் காப்பி எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கியது தொண்ணூற்று மூன்றில். புரோகிராம் எழுத நான்கு பேர். எழுதியது தரமாக இருக்கிறதா என்று பார்க்க நான். நாற்பத்திரண்டு விதிகள் கொண்ட கையேடு போட்டேன். ஒவ்வொரு புரோகிராமும் பதினொரு வரித் தலைப்போடு தொடங்க வேண்டும். அதில் மூன்று வரி என் பெயரும் பட்டங்களும். என் ஒப்புதல் இல்லாமல் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. சிரிக்காதீர்கள், உங்கள் தோளிலும் நட்சத்திரம் இருக்கிறது.

காப்பிக்கொட்டை காயவைக்கும் டிரம்மை ஓட்டியது அப்படி எழுதிய புரோகிராம்தான். இங்கே கரண்ட் அடிக்கடி போகும். டிரம் நின்றதும் பெண்கள் கதவைத் திறந்து, சூடு ஆறியதும் உள்ளே ஏறி, ஒட்டிய தோலைச் சுரண்டுவார்கள். கரண்ட் இல்லாமல் டிரம் சுற்றாது, அதனால் அதுவே பத்திரமான நேரம் என்று வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் கரண்ட் வந்தால் டிரம்மை ஓட்டிய பெரியசாமி உள்ளே குரல் கொடுத்துவிட்டு சுவிட்சைப் போடுவான். இப்போது பாட்டரியில் விழித்திருக்கும் கம்ப்யூட்டர் தானே போட்டுவிடும். அது குரல் கொடுக்காது.

இதை முதலில் கவனித்தவன் நால்வரில் ஒருவனான லூர்துராஜ். கதவில் ஒரு சின்ன சுவிட்சை வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

“ஏனுங்க சார், நாலே வரிங்க. கதவு தெறந்திருந்தா சுத்தாதுங்க, அவ்வளவுதானுங்க.”

மூன்று முறை திருப்பி அனுப்பினேன். முதல் முறை தலைப்பு இல்லை. அடுத்த முறை விளக்கக் குறிப்பு வரிக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே இருக்க வேண்டும். மூன்றாம் முறை கதவுக்குக் கதவு என்றே பெயர் வைத்திருந்தான். விதி பதினேழின்படி பெயர்கள் ஆங்கிலத்தில்.

“பேர மாத்திக்கலாங்க சார். பொன்னாயக்கா தெனமும் உள்ள ஏறுதுங்க.”

“பொன்னாயக்கா எத்தனையாவது விதி?” என்று கேட்டேன். மற்ற மூவரும் சிரித்தார்கள். எங்கள் பிரிவில் நல்ல ஒற்றுமை.

டிரம் சுரண்டும் அந்தப் பொன்னாயியும் ஒருநாள் ஜன்னலோரம் வந்து நின்றாள். “ஏனுங்க, உங்க பொட்டி நொம்பப் படிச்சதுங்களாமே. உள்ள ஆளிருந்தா கதவத் தட்டிட்டு வரச் சொல்லுங்க.” அவளுக்கு நான் விதிகளை விளக்க முயலவில்லை.

லூர்துராஜ் அந்த நான்கு வரிகளை ஒப்புதல் இல்லாமலே சேர்த்துவிட்டான். மூன்று வாரம் ஓடியது. இரண்டு முறை கரண்ட் வந்தும் டிரம் அசையாமல் நின்றது. பொன்னாயி இறங்கிக் கதவைச் சாத்திய பிறகே சுற்றியது. வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது. தரமாக இருந்ததா என்பது வேறு கேள்வி.

வியாழக்கிழமை தரச்சான்றிதழுக்காகச் சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வருவதாக இருந்தது. புதன் மாலை நான்கு வரிகளையும் நானே நீக்கினேன். காலை முதல் பஸ்ஸில் லூர்துராஜை பிரிண்டர் ரிப்பன் வாங்கச் சேலத்துக்கு அனுப்பினேன். அலமாரியில் ஆறு ரிப்பன் இருந்தது. பெண்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

பத்தரைக்குக் கரண்ட் போனது. அதிகாரிகள் அச்சுப்பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். “இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை,” என்றார் பெரியவர். ஜன்னல் வழியே டிரம் கொட்டகை தெரியும். பொன்னாயி கரண்டியோடு உள்ளே ஏறினாள். ஆமாம், பார்த்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பதினொன்றுக்கு விளக்கு எரிந்தது. டிரம் கிளம்பும் முன் திரையில் இருபதிலிருந்து விநாடி எண்ணிக்கை இறங்கும். என் வலக்கைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். நின்றால் திரையில் பிழை என்று வரும், அவர்கள் கண்முன்னால். இருபதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அட, தானாவே கிளம்புதே!” என்று பெரியவர் பாராட்டினார். கொட்டகையிலிருந்து வந்தது மெஷின் சத்தம் என்று சொன்னேன்.

கொன்றீர்களா என்று கேட்கிறீர்கள். கொன்றேன். மழுப்பி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளில் ஒரு குறையைக் காட்டுங்கள் பார்ப்போம். லூர்துராஜாலும் முடியாது. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தோடு தபாலில் வரும். நான் எந்தச் சிறையில் இருந்தாலும் அங்கே திருப்பிவிடச் சொல்லுங்கள்.

கையெழுத்தா? போடுகிறேன். அதற்கு முன், ஏட்டய்யா, இரண்டாம் பக்கத்தில் பொன்னாயி பெயர்மேல் மை கொட்டியிருக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். இவ்வளவு அசிங்கமான ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை.