எட்டாம் அத்தியாயத்துப் புருஷன்

நாவல் எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, நல்ல நாற்காலி ஒன்று வாங்குங்கள் என்பதுதான். முதுகு வலித்தால் மூன்றாம் அத்தியாயத்தோடு கதை படுத்துவிடும். சிரிக்கிறீர்கள், ஐயா. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என் மாணவர்களும் அப்படித்தான் சிரிப்பார்கள். திருச்செங்கோட்டுக்கு வெளியே என் வீட்டு மாடியில் வகுப்பு. நாமக்கல், ராசிபுரத்திலிருந்தெல்லாம் பைக்கில் வருவார்கள். அச்சில் வந்த என் நாவல்கள் இரண்டுமே சொந்தச் செலவில் வந்தவை. மூன்றாவதைத்தான் ஒரு நல்ல பதிப்பகம் எடுத்துக்கொள்வதாக இருந்தது.

அந்தப் பதிப்பகத்து அம்மாள் போனில் ஒரு குறை சொன்னார். எட்டாம் அத்தியாயத்தில் பெண்டாட்டியைச் சந்தேகப்படும் புருஷன் நம்பும்படியாக இல்லையாம். சினிமாவில் வருகிறவன் மாதிரி கத்துகிறானாம். அவனைச் சரி செய்தால் போடலாம் என்றார். சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னது நியாயம். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். சந்தேகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. பார்க்காததை எழுதாதீர்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் மட்டும் எழுதலாமா?

எதிர்வீட்டில் சாரதாமணி இருந்தாள். அவள் புருஷன் வேல்முருகனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. போர் போட வடக்கே போனால், அங்கே மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவான். இரண்டு பேரும் தங்கமான பிள்ளைகள். குழம்பு வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் வரும். அவள் என்னை அண்ணா என்பாள். அவன் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, ஊட்டுப் பக்கம் ஒரு கண்ணு வெச்சுக்கோங்க வாத்தியாரே என்பான். நானும் வைத்தேன்.

வகுப்பில் இன்னொன்று சொல்வேன். வாசகனிடம் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள், பாதியில் நிறுத்துங்கள், மீதியை அவனே கட்டிக்கொள்வான். என் மாணவன் அன்பழகனிடம், இங்கே வெயில், எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்து என்றேன். அந்த வாரம் வேல்முருகன் கூப்பிட்டபோது, எல்லாம் சவுக்கியம், உங்கூட்டு முன்னால ஒரு பைக் நின்னுது, சொந்தக்காரங்க, ஒறம்பரை ஆராச்சும் வந்திருப்பாங்களாட்ட இருக்குது என்றேன். அடுத்த வாரம் அவனே கேட்டான், அந்த பைக் மறுபடி வந்துச்சுங்களா என்று. வந்துது சாமி, நான் ஒண்ணையும் பாக்கல என்றேன். அதன் பிறகு தினமும் கூப்பிட ஆரம்பித்தான். என் கதைக்காக அப்படி யாரும் காத்திருந்ததில்லை, ஐயா. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆனி பாதியில் வண்டி ஊர் வந்து சேர்ந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தான். அவளிடம் நேராக எதையும் கேட்கவில்லை. அவன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவள்தான் என்னிடம் வந்தாள்.

"கழுவிக் கவுத்த டம்ளரக் கூட எண்ணிப் பாக்கறாருங்ணா. என்னன்னு கேட்டாலும் வாயத் தெறக்க மாட்டேங்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நீங்க சொன்னாக் கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். டம்ளரை எண்ணுவது அருமையான விஷயம். எவ்வளவு நல்ல நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாலும் அது கிடைத்திருக்காது. அன்றைக்கே எழுதிவிட்டேன்.

நான்கைந்து நாள் கழித்து வேல்முருகன் வந்தான். அம்மன் கோயிலில் பூ வாக்குக் கேட்கப் போவதாகச் சொன்னான். நம் பக்கத்தில் கல்யாணம் என்றாலும் கிணறு என்றாலும் கேட்பதுதானே. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்; அம்மன் முன்னால் வைத்துப் பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். சம்பந்தமில்லாத ஆளாகப் பார்த்துப் பொட்டலம் கட்டச் சொல்வார்கள்.

"உங்கள உட்டா எனக்கு ஆருங்க இருக்கறாங்க? நீங்களே கட்டிக் குடுங்க," என்றான். "வெள்ள வந்துட்டா அவ கால்ல உழுந்துருவேன். செவப்பு வந்தா அவ எனக்குப் பொண்டாட்டி இல்லீங்க."

காலில் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. எட்டாம் அத்தியாயத்திலேயே சமாதானம் வந்தால் மீதி நாவலுக்கு நான் எங்கே போவேன்? இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியைத்தான் வைத்துக் கட்டினேன். பூசாரி எடுத்துக் கொடுத்ததை அவன் பிரித்தபோது நான் அம்மனைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தேன். கத்தவில்லை, அழவில்லை. பூவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போலாங்க என்றான். மற்ற பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மனுஷரைச் சந்தேகப்படுவோம், அம்மனைச் சந்தேகப்படுவோமா? சந்நிதியைப் பெருக்கும்போது பூசாரி அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அதனால்தானே இன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அன்று மத்தியானம் எதிர்வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சாரதாமணி தெருவைக் கடந்து ஓடிவந்து என் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, கதவத் தெறங்க. அந்த பைக் ஆரோடதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க, போதும்."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருந்தேன். வேல்முருகன் வந்து அவளை இழுத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரம் சத்தம் இருந்தது, பிறகு இல்லை. உங்கள் ஜீப் வந்த பிறகுதான் அவள் செத்தது தெரியும் என்று முதல் விசாரணையில் சொன்னேன். அது தவறு. சத்தம் நின்றபோதே எனக்குத் தெரியும்.

ஏன் திறக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள். வகுப்பில் இதைக் கடைசிப் பாடமாக வைத்திருக்கிறேன். பாத்திரங்கள் தாமாக நடக்க ஆரம்பித்துவிட்டால் எழுதுகிறவன் குறுக்கே போகக் கூடாது. நான் எப்போதுமே குறுக்கே போனதில்லை, ஐயா.