தண்டவாளத் துண்டு

சாயங்காலம் ஆறே முக்கால். போன ஐப்பசி. சங்கரன்கோவில் பழைய ஸ்டேஷனுக்குப் போகிற மண்பாதையில் நான் மட்டும்தான். குடை இல்லை. உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேயை நம்புகிற ஆள் இல்லை. மனுசனையே நம்புகிறதில்லை. விளக்கு மட்டும் எரியட்டும்... அணைக்க வேண்டாம்.

இது என் சேக்காளி ராஜதுரையின் மச்சினன் வெள்ளத்துரைக்கு நடந்தது. சின்ன ரயில் ஓடின காலத்தில் அவன் அந்த ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன்; வண்டிக்குத் தடம் மாற்றிவிட்டு மணி அடிக்கிற வேலை. பிளாட்பாரத்து ஓரமாக ஒரு தண்டவாளத் துண்டு சங்கிலியில் தொங்கும். வண்டி வருகிறதென்றால் அதில் மூணு அடி. கிளம்பலாம் என்றால் ரெண்டு அடி. அவன் அந்த ரெண்டு அடி அடிக்காமல் எந்த வண்டியும் நகராது.

பிறகு அகலப் பாதை போட்டுப் பெரிய ரயில் வந்தது. ஸ்டேஷன் தள்ளிப் போய்விட்டது. பழைய கட்டடத்தை ஒருத்தர் வாடகைக்குப் பிடித்து உரக் குடோன் ஆக்கினார். டிக்கெட் கொடுத்த அறையில் யூரியா. பெண்கள் உட்கார்ந்த அறையில் பொட்டாஷ். தண்டவாளம் கிடந்த இடத்தில் சிமெண்டு பூசி லாரி நிறுத்தினார்கள். நான் அங்கே மூட்டை தூக்கினேன். வெள்ளத்துரை ரிட்டயர் ஆகி, அதே இடத்துக்கு வாட்ச்மேனாக வந்து சேர்ந்தான்.

"வீட்டுல ஒத்தையில கெடந்து என்ன செய்ய அண்ணாச்சி? இங்கன மூட்டையாவது இருக்கு."

"மூட்டை பேசுமாலே?"

"நீரு பேசுததுக்கு அது தேவலாம்."

ஒத்தையில கிடப்பதைப் பற்றி அவன் சொன்னதில் தப்பில்லை. என் வீட்டிலும் ஆள் கிடையாது.

அவன் பெண்டாட்டி முத்துமாரி. முப்பது வருசத்துக்கு முன்னால் வயிற்றுவலி என்று மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். இதே ஆறே முக்கால் பாசஞ்சர். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் ஏறிக்கிடுங்களேன்... பயமா இருக்கு" என்றாளாம். இவனுக்கு டூட்டி. ரெண்டு அடி அடித்து அனுப்பிவிட்டான். அவள் உயிரோடு திரும்பவில்லை.

"என் கையால அனுப்பிட்டேன் அண்ணாச்சி." தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவான்.

அந்த ஐப்பசி மழையில் நான் போனது, மறந்துவிட்ட தூக்குவாளியை எடுக்க. போனால், இன்னும் தொங்குகிற அந்தத் தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் வெள்ளத்துரை நிற்கிறான். ஒரு கையில் டார்ச். ஒரு கையில் இரும்புக் கம்பி.

"ஏலே, மழைக்குள்ள என்ன செய்யுத?"

"கேக்கலையா? அவுட்டர் சிக்னல்ல வண்டிய நிறுத்திட்டு ஊதுதான்."

"ஒண்ணும் ஊதல. சோத்தைத் தின்னுட்டுப் படு."

"மூணு நாளா ஊதுதான் அண்ணாச்சி. யாரும் உள்ள விடல. பாவம்லா..."

அடித்தான். டங்... டங்... டங்.

கரண்ட் போனது.

யூரியா நெடியில் என் மூக்கு செத்துப்போய் ரொம்ப நாளாயிற்று. அந்த மூக்கில் கரிப்புகை ஏறியது. நனைந்த கரி. பிறகு இரும்பில் இரும்பு தேய்கிற சத்தம்... மெதுவாக... நின்றது. புஸ்ஸென்று ஆவி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளத்துரை கம்பியைக் கீழே போட்டுவிட்டு பிளாட்பார விளிம்புக்குப் போனான். டார்ச் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

"ஏட்டி... இருக்கியா?"

வெளிச்சம் ஒரு படி ஏறியது. இன்னொரு படி. அங்கே படியே கிடையாது. அப்புறம் அணைந்துவிட்டது.

கரண்ட் வந்தபோது ஆள் இல்லை.

கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்றார் முதலாளி. ராஜதுரையும் அதையேதான் சொல்கிறான். எவன் பார்த்தான்? நான் பார்த்தது இதுதான். வெளியெல்லாம் மழை கொட்டுகிறது. நடுவில், பழைய தண்டவாளம் கிடந்த நீளத்துக்குச் சிமெண்டுத் தரை காய்ந்து கிடக்கிறது. அதன் ரெண்டு ஓரத்திலும், கூரை விளிம்பிலிருந்து விழுகிற மாதிரி வரிசையாகத் தண்ணீர் சொட்டுகிறது. மேலே கூரை இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரெண்டு அடி அடிக்க வேண்டியவனே ஏறிவிட்டான். வண்டி எப்படிக் கிளம்பும்?

அதற்கப்புறம் மழை பெய்த சாயங்காலமெல்லாம் அந்த இடம் காய்ந்தே கிடந்தது. லாரிக்காரர்கள் அங்கே நிறுத்துவதை விட்டுவிட்டார்கள். கார்த்திகையில் ஒருநாள் நானே போனேன். பாவம், எத்தனை நாள்தான் நிற்பார்கள்... அனுப்பிவைப்போம் என்று கம்பியை எடுத்தேன். ஒரு அடி அடித்தேன்.

டங்...

ரெண்டாவதுக்குக் கையை ஓங்கினேன். காய்ந்த இடத்துக்கு மேலே, சன்னல் உயரத்திலிருந்து, வெள்ளத்துரை குரல்.

"அண்ணாச்சி... வீட்டுக்குப் போயி ஒத்தையில என்ன செய்யப்போறீரு? எடம் கெடக்கு. நீரும் ஏறிக்கிடும்."

அவ்வளவு அன்பாக என்னை யாரும் கூப்பிட்டுப் பல வருசம் ஆயிற்று. எத்தனை எட்டு வைத்தேன் தெரியாது. கம்பி கையிலிருந்து விழுந்த சத்தத்தில்தான் நினைவு வந்து கீழே பார்த்தேன்.

வலது கால் பிளாட்பார விளிம்பில், மழைத் தண்ணீருக்குள் நின்றது.

இடது கால்... அதற்கு ஒரு முழம் மேலே, எதன் மேலோ ஊன்றியிருந்தது.